கேள்வி முதலில், உரை பிறகு: நம் லினக்ஸ் பயனர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கும், மாதம் தவறாமல் வந்து உட்காரும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் பார்த்த ஒரு காட்சி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முதல்முறை வருகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. மடியில் ஒரு பை, உள்ளே லேப்டாப், சார்ஜர் வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைய உரை கன்டெய்னர்களைப் பற்றியது, அதாவது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டுவதைப் பற்றியது. நல்ல உரைதான், பேசியவர் மெனக்கெட்டுத் தயாரித்திருந்தார். ஆனால் அது ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டபோது அரங்கைப் பூட்ட ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டார். எப்போதும் கேட்கிற இரண்டு பேர் கேட்டார்கள். அந்தப் பெண் பையின் ஜிப்பைப் பாதி திறந்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், மறுபடி மூடிவிட்டார். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். அவருக்கு என்ன பிரச்சினை என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. கவனித்துக்கொண்டே இருந்தும் எழுந்து போய் ஒரு வார்த்தை பேசாத எனக்கும் இதில் பங்கு உண்டு.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்விகளுக்கும் மக்கர் பண்ணும் கணினிகளுக்கும் கொடுத்துவிடுங்கள். உரை அதற்கு அப்புறம் வரட்டும்.

நானும் இந்தக் குழுவுக்கு ஒரு பையோடுதான் வந்தேன். என் லேப்டாப் பூட் ஆகவில்லை. சிவப்பு நட்சத்திரக் குறிகள் திரையின் ஓரத்தில் இங்கும் அங்கும் ஓடும், ஒன்றரை நிமிடம் கழித்து 'எமர்ஜென்சி மோட்' என்று வந்து நின்றுவிடும். மூன்று நாள் முட்டி மோதிவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவே இல்லை. "நீங்களே தட்டுங்க. திரையில என்ன எழுதியிருக்கோ, சத்தமா படிங்க" என்றார்.

படித்தேன். கணினியின் லாகை, அதாவது பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் என்ற கமாண்டை ஓட்டிப் பார் என்று அந்தத் திரையே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதே திரையைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஓட்டினோம். ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. "எந்த டிஸ்க்?" என்று கேட்டார். யோசித்தேன். வீட்டு மேஜையில் கிடந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்! தானாக மவுண்ட் ஆகட்டும், அதாவது கணினியோடு இணைந்துகொள்ளட்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் எஃப்எஸ்டேப் என்ற டிஸ்க் பட்டியல் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தேன். டிஸ்க் செருகியிருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. கழற்றி வைத்ததும், அது வரும் என்று, பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து, வரவில்லை என்றதும் அதற்கு மேல் போக மறுத்துவிட்டது. அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ என்று சொல்லும் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம். ரீபூட். லாகின் திரை வந்துவிட்டது.

எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அன்றைக்கு என்ன உரை நடந்தது என்று இப்போது நினைவில்லை. ஆனால் எந்தக் கணினி படுத்தாலும் முதலில் திரையில் இருப்பதைப் படிக்க வேண்டும், அப்புறம் லாகைப் பார்க்க வேண்டும், கடைசியாக நாம் எதை மாற்றினோம் என்று யோசிக்க வேண்டும் என்ற வரிசை அன்றைக்கு வந்தது. இன்றுவரை அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

"இதெல்லாம் இணையத்திலேயே கிடைக்குமே, ஏஐயிடம் கேட்டாலே சொல்லுமே" என்று சிலர் சொல்வீர்கள். கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். டிஸ்க்கைக் கழற்றியதற்கும் பூட் ஆகாததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதனால் அதை எங்கேயும் எழுதிக் கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்தக் கேள்வியை என்னிடமிருந்து வெளியே எடுத்தார்.

கேள்வி நேரம் புதியவர்களுக்கு மட்டும்தான், பழைய ஆட்களுக்குச் சலித்துவிடும் என்ற கவலை உங்களில் பலருக்கு இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு என் லேப்டாப்பைச் சுற்றி நின்ற மூன்று பேர், நோஃபெயில் போடுவது சரியா, இல்லை தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் ஆகும்படி ஆட்டோமவுண்ட் வைப்பது சரியா என்று வாதாட ஆரம்பித்து, வெளியே போகும்வரை நிறுத்தவில்லை.

லினக்ஸ் என்ற இந்த இயங்குதளம் பிறந்த கதையிலும் கேள்விதான் முன்னால் வருகிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் பயனர்களுக்கு எழுதிய செய்தியை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னவர், மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்றுதான் அதில் கேட்டார். அதற்கு ஏழு வாரம் முன்பே, ஜூலை 3 அன்று, இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் விதிமுறைகள் எங்கே கிடைக்கும் என்றும் அவர்களிடமே கேட்டிருந்தார்.

2024 மார்ச்சில் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் டெவலப்பர். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் தன் கணினியில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை விநாடி கூடுதலாக இழுக்கிறது என்று கேட்டுக்கொண்டு தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அனுமதியில்லாமல் உள்ளே நுழையத் திட்டம் போட்டு ஒளித்து வைத்திருந்த பின்வாசல் சிக்கியது. பெரும்பாலான நிலையான டிஸ்ட்ரோக்களுக்குள், அதாவது லினக்ஸ் தொகுப்புகளுக்குள், அது போய்ச் சேருமுன் பிடித்துவிட்டார்கள். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, ஏன்னு தெரியல" என்று நம் கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், அதைக் கேட்க நமக்கு நேரம் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு அவசரமும் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாமலோ, பிராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லாமலோ போனதால் விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கணினிகள் ஏராளம். நன்றாக ஓடுகிற கணினிகள் அவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு நாம் முதலில் தர வேண்டியது ஒரு நாற்காலியும் ஒரு பிளக் பாயின்ட்டும். கன்டெய்னர் உரையை அவர் ஆறு மாதம் கழித்துக்கூடக் கேட்டுக்கொள்வார்.

அப்படி வருபவரிடம் எடுத்த எடுப்பிலேயே இன்ஸ்டால் பட்டனை அழுத்த வேண்டாம். பேக்கப் எடுத்திருக்கிறாரா, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு, இன்ஸ்டால் செய்யாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, வைஃபை, சவுண்ட், டச்பேட் வேலை செய்கிறதா, மூடி திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வைஃபை சிப் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருளுக்காகத் தனியாக இன்னொரு பென்டிரைவ் தேடின காலமும் மலையேறிவிட்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது இன்ஸ்டாலர் இமேஜிலேயே சேர்ந்து வருகிறது. தட்டுவது எப்போதும் கணினிக்குச் சொந்தக்காரராகவே இருக்கட்டும். நாம் தட்டினால் வேகமாக முடியும், ஆனால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உரைகளைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உரையாளர் கிடைக்கவில்லை என்று ஒருங்கிணைப்பாளர்கள் ஒவ்வொரு மாதமும் படும் பாடு எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் யாரையாவது கெஞ்சித்தான் பிடிக்கிறீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் தீராத கேள்விகளைப் பலகையில் எழுதிப்போடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். தேடிப் பார்க்க ஒரு மாதம் தாராளமாகப் போதும். அடுத்த கூட்டத்தில் அவர் இருபது நிமிடம் பேசட்டும்: என்ன முயற்சி செய்தேன், எது உதவவில்லை, கடைசியில் எது பிடிபட்டது. ஸ்லைடே வேண்டாம், டெர்மினலைத் திறந்து காட்டினால் போதும். நடுவில் கமாண்ட் தப்பாகப் போனால் போகட்டும், அதை எப்படிச் சரிசெய்கிறார் என்று எல்லோரும் பார்க்கலாம். மேடை என்றாலே ஒதுங்குகிற பல பேர் இப்படியென்றால் பேச முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். கேள்வி கேட்டவரும் பதிலுக்காக அடுத்த மாதம் கட்டாயம் வருவார்.

பெரிய உரைகளும் வேண்டும்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதும் டெவலப்பர் ஒருவர் நேரில் வந்து பேசுகிறார் என்றால் அன்றைக்கு முழு நேரத்தையும் அவருக்கே கொடுப்போம். அது எப்போதாவது வருகிற விசேஷமாக இருக்கட்டும்.

கூட்டம் நடக்கும் நாளை மட்டும் மாற்றாதீர்கள். மாதத்தில் எந்தக் கிழமை என்று ஒருமுறை முடிவானால், மூன்றே பேர் வந்தாலும் கூட்டம் நடக்கட்டும். சரி, இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, இத்தனை காலம் அப்படித்தான் நடத்திவருகிறீர்கள். அதற்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரியது.

அடுத்த கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறேன். இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஐந்து லைவ் பென்டிரைவும் கொண்டுவருகிறேன். நீங்கள் சம்மதித்தால் வாசல் பக்கத்திலேயே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அந்தப் பெண்ணை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், தயவுசெய்து இன்னொருமுறை வரச்சொல்லுங்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வரச்சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு உறுப்பினர்