புல்லில் பாடும் சில்வண்டு: ஒரு பழைய மாணவிக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

வெள்ளவத்தை வீட்டில் கடந்த வாரம் அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, தரம் 8 இல் நீர் தந்துவிட்டுத் திரும்பப் பெறாமல் போன ஒப்படைக் கொப்பி கையில் அகப்பட்டது. "சில்வண்டு புல்வெளியிலும் வாழும்" என்ற உமது வரியைச் சிவப்பு மையால் வெட்டி, "மரத்தில் மட்டும்" என்று திருத்தி, இரண்டு புள்ளிகளையும் குறைத்திருக்கிறேன். என் திருத்தம் பிழையானது. வகுப்பு முழுவதும் கேட்கத்தான் அன்று உம்மைத் திருத்தினேன் என்பதால், இதையும் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

யப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுகளிலும் தாய்வானிலும் மொகானியா மினுட்டா என்றொரு சில்வண்டு இருக்கிறது. 1907 இல் மட்சுமுரா என்ற பூச்சியியலாளர் பெயரிட்டது. யப்பானியர் அதை 'இவாசாக்கி குசாசெமி' என்பர். 'குசா' என்றால் புல். 'செமி' என்றால் சில்வண்டு. இவாசாக்கியோ இஷிகாக்கித் தீவின் வானிலை நிலையத்தில் நெடுங்காலம் இருந்தவர். (மழையை அளந்தவரின் பெயர் ஒரு பூச்சிக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.) உடல் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான், யப்பானியச் சில்வண்டுகளுள் அதுவே மிகச் சிறியது.

அது மரத்தைத் தேடுவதில்லை. நாணலை ஒத்த உயரப் புற்களில் உட்கார்ந்து, பகல் வெயிலில் ஆண் வண்டு வயிற்றின் இருபுறமும் உள்ள சிறு தகடுகளை உள்வாங்கியும் விடுவித்தும் ஒலியெழுப்ப, பெண் இலையின் நடு நரம்பைக் கீறி முட்டையிடுகிறது. பொரித்த அணங்கு (சிறகு முளைக்காத இளம் பூச்சி) மண்ணுக்குள் இறங்கி வேரின் காழ்ச்சாற்றை, அதாவது வேரிலிருந்து மேலே ஏறும் நீர்ச்சாற்றை, உறிஞ்சுகிறது. அந்தச் சாறு பெரும்பாலும் வெறும் நீர் என்பதால் வளர்ச்சி மிக மெதுவானது. ஆகவே அதற்கு வேண்டியது மரமன்று, நெடுநாள் புரட்டப்படாத மண்.

இதைக் கரும்பு தெளிவாகக் காட்டிவிட்டது. கரும்பும் புல்லினம்தானே! வெட்டிய கரும்பின் அடிக்கட்டையை உழாமல் மீண்டும் துளிர்க்கவிடும் மறுதாம்பு முறை ஒக்கினாவாவில் பரவியபின், வேரடியில் கிடந்த அணங்குகள் கலைக்கப்படாமல் பெருகின. சிலந்தி முதலிய எதிரிகள் தின்று தீர்க்கக்கூடிய அளவை அவற்றின் தொகை தாண்டியதாலேயே புல்வெளிப் பூச்சி பயிர்ப்பீடையாயிற்று என்ற கருதுகோளை இட்டோ, நகாமினே என்ற இரு ஆய்வாளர்கள் 1981 இல் முன்வைத்தனர். எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீர் ஒட்டியிருந்த கூடு, சில்வண்டின் அணங்கு உரித்துவிட்டுப் போன தோல், இன்னும் உதிரவில்லை: முதுகு நெடுகப் பிளந்து, உள்ளே மூச்சுக்குழல்களின் வெள்ளை நூல்கள் தொங்க, மண் தோண்டும் முன்னங்கால்கள் புல் தண்டொன்றை இறுகப் பற்றியிருக்கின்றன. மரத்தில் வாழும் இனத்தின் அணங்கும் எதிர்ப்பட்ட புல்லில் ஏறித் தோலுரிக்கக் கூடும் என்பதால், இந்தக் கூடு மட்டும் உமது வரிக்குச் சான்றாகாது. அதை எங்கே எடுத்தீர், அருகில் மரம் ஏதும் நின்றதா என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும். நினைவிருந்தால் இப்போதாவது எழுதும்.

இப்படிக்கு,
உமது பழைய விஞ்ஞான ஆசிரியர்,
கொழும்பு