ஜொஷ் அலனுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இறுதியாட்டமான சூப்பர் போலின் இடைவேளைப் பாட்டையும் விளம்பரச் செலவையும் தாண்டி ஆட்டத்தைப் பற்றி யாரோ எழுதியதைக் கண்டு சந்தோஷப்பட்டேன். ஆனால் நடுவில் வந்த ஒரு வசனத்தைப் பேசாமல் விட முடியவில்லை. கன்சாஸ் சிற்றியிடம் தோற்ற பஃபலோ பில்ஸ் அணியின் குவாட்டர்பாக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜொஷ் அலனின் கண்ணீரைத் துடைப்பதற்காக, சீசனின் மிகப் பெறுமதியான வீரருக்கான எம்.வி.பி. விருதை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள், நியாயப்படி அது பால்ரிமோரின் குவாட்டர்பாக் லாமார் ஜாக்சனுக்குப் போயிருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பின்பாதியைப் பற்றி விடிய விடியச் சண்டை பிடிக்கலாம், நானும் பிடிக்கிறவன்தான். முன்பாதி நடந்திருக்கவே முடியாத காரியம். வாக்குப் போட்ட நேரத்தில் பிளேஓஃப், அதாவது சீசனுக்குப் பிறகு தோற்றால் வெளியேறும் சுற்றுகள், தொடங்கவே இல்லை.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தெரிவு செய்த 50 பேர்தான் இந்த விருதுக்கு வாக்களிக்கிறார்கள். 17 ஆட்டங்கள் கொண்ட 2024ஆம் ஆண்டின் வழமையான சீசன் 2025 ஜனவரி 5ஆம் திகதி முடிந்தது. அந்த 17 ஆட்டத்தை மட்டும் வைத்து, பிளேஓஃப் தொடங்கும் முன்னரே வாக்குகளைக் கொடுத்துவிட வேண்டும். முடிவை மட்டும் பெப்ரவரி 6ஆம் திகதி, சூப்பர் போலுக்கு மூன்று நாள் முன்பு, நியூ ஓர்லியன்ஸில் வைத்து அறிவித்தார்கள். இடையில் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் ஜனவரி 19ஆம் திகதி பஃபலோ பால்ரிமோரை வென்றது, 26ஆம் திகதி கன்சாஸ் சிற்றியிடம் தோற்றது. விருது கடைசியில் அறிவிக்கப்பட்டதால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது.

ரொறன்ரோக்காரர்களுக்கு இது புதிய விசயமும் அல்ல. ஹொக்கியில் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருதுக்கும் பிளேஓஃபுக்கு முன்னரே வாக்களித்துவிடுவார்கள். 2022இல் ஓஸ்ரன் மத்யூஸ் அதை வென்றார். அந்த ஆண்டு அவருடைய ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி பிளேஓஃபின் முதற்சுற்றிலேயே ராம்பாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியே போனது. அப்போது இந்த நகரத்தில் யாராவது அதை ஆறுதல் பரிசு என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் வீதியில் நடக்க முடிந்திருக்காது.

நான் ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலை முதல் ஓட்டத்துக்கு முன் சாரதிகளின் அறையில் கோப்பி குடிக்கிற நேரத்தில், ஜனவரி பிறந்துவிட்டால் இதே கதைதான். பில்ஸ் ரசிகர்கள்தான் அங்கே அதிகம். பஃபலோ எங்களுக்கு வெளிநாட்டு அணி மாதிரித் தோன்றுவதேயில்லை. பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். 2008 முதல் 2013 வரை ஆண்டுக்கு ஒரு சீசன் ஆட்டத்தை ரொறன்ரோவுக்கே கொண்டுவந்து விளையாடினார்கள். 2012 டிசம்பரில் சியாற்றிலிடம் 50-17 என்று வாங்கிக் கட்டிய அன்று நான் ரொஜர்ஸ் சென்ரரின் மேல்தட்டில் இருந்தேன். அதைப் பார்த்த பிறகும் இந்த அணியோடு இருக்கிறேன் என்றால் என் பக்கச்சார்பை வேறு விளக்கத் தேவையில்லை.

எங்கள் அறையில் பால்ரிமோர் கட்சிக்கு ஒரே ஒருவர்தான். ஜமேக்காவைச் சேர்ந்த மூத்த சாரதி, தங்கை பால்ரிமோரில் இருக்கிறா. ஊதா நிறத் தொப்பியைக் கழற்றவே மாட்டார். அவர் தனி ஆளாக நின்று எங்கள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லுவார், அதுவும் கணக்கோடு. அவருடைய கணக்கை இங்கே நேர்மையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பத்தியாளர் அதைக்கூட முழுதாக எழுதவில்லை.

ஜாக்சன் அந்த 2024 சீசனில் 4,172 யார்ட் எறிந்தார், 915 யார்ட் ஓடினார். ஒரே சீசனில் 4,000 எறிந்து 900 ஓடியவர் இந்த லீக்கில் அவருக்கு முன்னால் எவரும் இல்லை. 41 ரச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) எறிதல்கள். எதிரணி பிடித்தது நான்கே நான்கு. அலனுக்கு 3,731 யார்ட், எறிந்து 28 ரச்டவுன், ஓடி 12, ஆறு தடவை எதிரணி கைக்குப் போனது. போதாததற்கு செப்ரெம்பர் 29ஆம் திகதி இரண்டு அணிகளும் பால்ரிமோரில் மோதியபோது 35-10. பால்ரிமோர் பந்தைத் தொட்ட முதல் முயற்சியிலேயே அவர்களின் ஓட்டக்காரர் டெரிக் ஹென்றி 87 யார்ட் ஓடிவிட்டார். நான் சோபாவில் இருக்கவும் இல்லை, குசினியில் இருந்து தேத்தண்ணி எடுத்து வருவதற்குள் 7-0.

இதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்றும் அவரிடம் இருந்தது. ஜனவரி 10ஆம் திகதி, ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்த வீரரைத் தெரிவு செய்யும் ஓல்-புரோ அணியை அறிவித்தார்கள். குவாட்டர்பாக் இடத்துக்கு ஜாக்சனுக்கு 30 வாக்கு, அலனுக்கு 18. வாக்களித்தவர்கள் அதே 50 பேர். பிறகு எம்.வி.பி. முடிவு வந்தபோது முதலிட வாக்குகள் அலனுக்கு 27, ஜாக்சனுக்கு 23. புள்ளிக் கணக்கில் 383க்கு 362. "முப்பது பேர் இவன்தான் சிறந்தவன் என்று சொல்லிவிட்டு, அதே கையால் மற்றவனுக்குப் பரிசு கொடுப்பதா?" என்று அவர் மேசையில் தட்டினார். கேள்வி சரியான கேள்விதான். அன்று என்னிடம் நல்ல பதில் இருந்தது, ஆனால் 5.10 பஸ்ஸும் இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஓல்-புரோ என்பது அந்த இடத்தில் யார் மிகத் திறமாக விளையாடினார் என்பதற்கு. அதில் நானும் ஜாக்சனுக்கே போடுவேன். எண்களைப் பார்த்த பிறகு வேறு விதமாகப் போட மனச்சாட்சி விடாது. எம்.வி.பி.க்குப் போகும்போது, இந்த ஆளை எடுத்துவிட்டால் அந்த அணி எங்கே நிற்கும் என்று பலர் யோசிக்கிறார்கள். 2024 வசந்தத்தில் பஃபலோவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சம்பளக் கணக்குச் சரிவரவில்லை என்று மூத்த வீரர்களை வரிசையாக அனுப்பினார்கள். ஏப்ரலில் ஸ்ரெஃபன் டிக்ஸையும் ஹூஸ்ரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு பில்ஸ் கதை முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்னது. சீசன் முடிவில் அந்த அணியில் 1,000 யார்ட் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. கலீல் ஷகீரின் 821தான் அதிகம். அப்படியிருந்தும் 13 வெற்றி, 4 தோல்வி. முழு சீசனிலும் பந்தை எதிரணிக்கு விட்டது எட்டே தடவை. ஜாக்சனுக்குப் பக்கத்தில் 1,921 யார்ட் ஓடிய ஹென்றி நின்றார். அலனுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை.

டிசம்பரை மட்டும் எடுத்தாலே போதும். முதலாம் திகதி சன் பிரான்சிஸ்கோவுடன் கொட்டும் பனியில் விளையாடிய ஆட்டத்தில் அலன் எறிந்து ஒரு ரச்டவுன், ஓடி ஒன்று, தான் எறிந்த பந்தே சுற்றி வந்து தன் கைக்குக் கிடைக்க அதைக் கொண்டு ஓடி இன்னொன்று. அடுத்த வாரம் லொஸ் ஏஞ்சலிசில் மூன்று எறிந்து மூன்று ஓடினார். அதற்கு முன் எவரும் வழமையான சீசனின் ஒரே ஆட்டத்தில் அப்படிச் செய்ததில்லை. அந்த ஆட்டத்தில் 44-42 என்று தோற்றார்கள் என்பது வேறு கதை. அதற்கடுத்த ஞாயிறு டிற்றோயிற்றுக்கே போய் 48-42 என்று வென்றார்கள். நவம்பரில், ஒன்பது ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்த கன்சாஸ் சிற்றியை முதன்முதலில் வீழ்த்தியதும் இவர்கள்தான். என் வாக்கு அலனுக்கு. 27 பேர் அப்படி நினைத்ததில் களவு எதுவும் இல்லை, 23 பேர் மாறி நினைத்ததிலும் பிழை இல்லை.

இனி ஜனவரி 19. எங்கள் பக்கத்து ஆட்களும் இந்த ஆட்டத்தைத் தூக்கிப் பிடித்து, "பார், நேருக்கு நேர் யார் வென்றது?" என்று கத்துகிறார்கள். 27-25 என்று வென்றது பஃபலோதான். ஆனால் அன்று பால்ரிமோர் 416 யார்ட் எடுத்தது, பஃபலோ 273. அலன் எறிந்தது 127 மட்டும். ஓடி இரண்டு ரச்டவுன் போட்டார். ஜாக்சன் முதற்பாதியில் இரண்டு தடவை பந்தைப் பறிகொடுத்தார், பின்பாதியில் அணியைத் தன் தோளில் சுமந்து வந்தார். ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்க ரச்டவுன் எறிந்தார். சமன் செய்ய இரண்டு புள்ளி வேண்டும். ரச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் மேலதிக முயற்சியில் தன் அணியின் மார்க் அண்ட்ரூஸுக்கு எறிந்தார். பந்து கையில் பட்டு நழுவிப் பனியில் விழுந்தது. அண்ட்ரூஸ் அதைப் பிடித்திருந்தால் 27-27. அதனால் அலனின் செப்ரெம்பரும் நவம்பரும் டிசம்பரும் சின்னதாகிவிடுமா? மூன்றாம் ஆள் ஒருவரின் ஈரமான கையை நம்பி ஒரு முழு ஆண்டின் பரிசைக் கொடுக்க முடியாது. வாக்குப் பெட்டியை முன்கூட்டியே மூடும் வழக்கம் நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அண்ட்ரூஸ் பற்றி இன்னொன்று. அவருக்கு ஒன்பது வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. எங்கள் வீடுகளில் ஐம்பது வயதில் எட்டிப்பார்க்கும் சீனி வருத்தம் அல்ல, சின்ன வயதிலேயே வந்து ஊசியோடு வாழவைக்கிறது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவரைத் திட்டாத ஆள் இல்லை. அப்போது ஒரு பில்ஸ் ரசிகர் அவர் பெயரில் அந்த நோய்க்கான அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கத் தொடங்கினார். சில நாட்களில் 100,000 டொலரைத் தாண்டியது. எங்கள் ஊதாத் தொப்பிக்காரருக்கும் இதை எதிர்த்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

கன்சாஸ் சிற்றி ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. நான்காவது காற்பகுதியில் 22-21 என்று முன்னால் நின்றபோது, பந்தைத் தக்கவைக்க நான்காம், கடைசி முயற்சியில் ஒரு யார்ட் தேவை. அலன் நேரே முட்டினார். எட்டவில்லை என்றார்கள், காணொளியைத் திருப்பிப் பார்த்தும் மாற்றவில்லை. 32-29. போதும்.

உங்கள் பத்தியில் இன்னொரு கேள்வியும் விடையில்லாமல் கிடந்தது: 14 ஆட்டம் வென்ற மினசோட்டா, 10 ஆட்டம் வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு விருந்தாளியாகப் போனது ஏன்? 32 அணிகளை நான்கு நான்காக எட்டுப் பிரிவாக வைத்திருக்கிறார்கள். பிளேஓஃபுக்கு லீக்கின் இரண்டு பாதிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழு அணி. பிரிவில் முதலிடம் பெற்ற நான்கு அணிகளுக்கும், எத்தனை வென்றிருந்தாலும், முதல் நான்கு இடங்கள், முதற்சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையும். மினசோட்டா கடைசி இரவு தன் பிரிவிலேயே உள்ள டிற்றோயிற்றிடம் 31-9 என்று தோற்றது. வென்றிருந்தால் முதலிடமும் ஒரு வார ஓய்வும். தோற்றதால் ஒரேயடியாக ஐந்தாம் இடம். பிறகு காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டு அங்கும் 27-9 என்று உதை வாங்கினார்கள். என்னைக் கேட்டால், பிரிவை வென்றவருக்குப் பிளேஓஃபில் ஓர் இடம் கொடுக்கலாம், ஆட்டத்தை யார் வீட்டில் வைப்பது என்பதை வெற்றிக் கணக்குத் தீர்மானிக்கட்டும். முதலிடம் பெற்ற டிற்றோயிற் சொந்த மைதானத்திலேயே வோஷிங்ரனிடம் 45-31 என்று விழுந்ததைப் பார்த்தால், வீட்டு வாசலும் எல்லாரையும் காப்பாற்றுவதில்லை.

விருதுச் சண்டை எழுத ஆசையிருந்தால் உங்கள் பத்தியாளருக்கு நல்ல விசயம் ஒன்று தருகிறேன். 2023 ஜனவரி 2ஆம் திகதி சின்சினாட்டி மைதானத்தில் பஃபலோவின் டாமார் ஹாம்லின் இதயம் நின்று விழுந்தார். அடுத்த சீசனில் திரும்பி வந்து சீருடை போட்டார். மீண்டு வந்த வீரருக்கான விருதில் முதலிட வாக்குகள் அவருக்கு 21, கிளீவ்லாண்டின் ஜோ ஃபிளாக்கோவுக்கு 13. ஆனால் இரண்டாம் மூன்றாம் இட வாக்குகளைக் கூட்டியபோது 151க்கு 140 என்று ஃபிளாக்கோ வென்றார். நோயையும் காயத்தையும் வென்றவருக்கா, ஆட்டம் மங்கி மறுபடி ஒளிர்ந்தவருக்கா இந்த விருது என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் அசோசியேட்டட் பிரஸ்ஸே அடுத்த சீசனுக்கு முன் வாக்காளர்களுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. 2024 சீசனுக்கான விருது மணிக்கட்டுக் காயத்திலிருந்து திரும்பிய ஜோ பறோவுக்குப் போனது. அந்த 151-140ஐ மட்டும் நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முடிக்குமுன் ஒரு திருத்தம். அதே பக்கத்தில் பிலடெல்பியாவின் சேகுவான் பார்க்லியின் படத்துக்குக் கீழே "சூப்பர் போலின் சிறந்த வீரர்" என்று அச்சாகியிருந்தது. 40-22 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அந்தப் பட்டம் ஜேலன் ஹேட்ஸுக்கு. பார்க்லி பெற்றது சீசனின் சிறந்த தாக்குதல் வீரர் விருது, 2,005 யார்ட் ஓடியதற்காக. எரிக் டிக்கர்சனின் 1984 சாதனையான 2,105ஐ முறியடிக்க 101 யார்ட் வேண்டியிருந்தது. கடைசி ஆட்டத்தில் அவரைக் களம் இறக்காமல் பிளேஓஃபுக்காக ஓய்வு கொடுத்தார்கள். அது சரியா என்று எங்கள் அறையில் இன்னும் தீரவில்லை. படத்தின் குறிப்பை அடுத்த இதழில் திருத்திப் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பஸ் சாரதி ஒருவர்,
ஸ்காபரோ