கமலா தாஸ் பற்றிய அந்த ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், ஆங்கிலத்தில் கவிதையும் மலையாளத்தில் கதையும் எழுதிய கமலா தாஸ் பற்றிய கட்டுரையில் "எழுத்தைவிடக் காதலும் மதமாற்றமுமே அவரைப் பிரபலமாக்கின" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உங்களுக்குத் தெரியாததா ஐயா? 'சம்மர் இன் கல்கத்தா' கவிதைத் தொகுப்பு வந்தது 1965-ல். மத்திய சாகித்திய அகாதமி விருது 1985-ல். அவர் இஸ்லாத்துக்கு மதம் மாறியது 1999 கடைசியில்.

எங்கள் விளவங்கோடு பக்கத்தில், 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களில் பலர் மலையாளம் படித்தவர்கள், என் அம்மாவும் அப்படித்தான். கமலா தாஸ் மாதவிக்குட்டி என்ற புனைபெயரில் எழுதிய கதைகளைத்தான் அம்மா முதலில் படித்தார், எழுதியது யார் எவர் என்று தெரியாமலே. 'நெய்ப்பாயசம்' கதையை எனக்கு வாசித்துக் காட்டும்போது, மனைவியை எரித்துவிட்டு வந்த மனுஷன், காலையில் அவள் வைத்துவிட்டுப் போன பாயசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதில் எங்கே ஐயா காதலும் மதமும்? 1972-ல் அவருடைய சுயசரிதை 'எண்டெ கத' தொடராக வந்தபோது வார இதழை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்த பெண்கள் எங்கள் தெருவில் உண்டு. பதினைந்து வயசில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒருத்தி தன் கல்யாணம் எப்படி இருந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறாள், அதற்காகத்தான் படித்தார்கள்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, காய் நறுக்கிய மேசையிலேயே உட்கார்ந்து விடியவிடிய எழுதியவர் அவர். இது கட்டுரையில் இல்லை. கணவரின் வேலை இருக்கிறது, பர்தா அணிந்த படம் இருக்கிறது, ஒரு கவிதையின் பெயர்கூட இல்லை.

இது புதுசும் இல்லை. அவருடைய அம்மா பாலாமணியம்மாவும் ஒரு பெரிய கவிஞர், உங்கள் பத்திரிகைக்கு அவர் 'கமலாவின் தாய்' மட்டும்தான். ஆண் கவிஞர் என்றால் கவிதையிலிருந்து தொடங்குகிறீர்கள், பெண் என்றால் கல்யாணத்திலிருந்து. எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதினாலும் முக்கடலும் சூரிய உதயமும்தான், இங்கே இரண்டு மொழியிலும் படிக்கிறவர்கள் இருப்பது உங்களுக்கு ஞாபகமே வருவதில்லை. முன்பு இதை எழுதியபோது பாராட்டிய முதல் நாலு வரியை மட்டும் போட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். இத்தனை வருஷமாகக் காசு கொடுத்து வாங்குகிறவளுக்கு அது வலிக்காதா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். கமலா தாஸ் பிறந்த ஊர் கல்கத்தா என்று போட்டிருக்கிறீர்கள். அவர் 1934-ல் பிறந்தது இன்றைய திருச்சூர் மாவட்டத்துப் புன்னயூர்க்குளத்தில். அதை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள், விட்டுப்போன 1985 விருதையும் சேர்த்து.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மார்த்தாண்டம்