மகளுக்கு: வென்றவளின் ஜேர்சி பற்றி

உவர்மலை,
திருகோணமலை.
வைகாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரயத்லனில் வென்றதற்கு உனக்குத் தந்த ஜேர்சியை, நீ அனுப்பிய படத்தில் நானும் அப்பாவும் வடிவாகப் பார்த்தோம். வெள்ளைத் துணி, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை, முதுகில் மூன்று பைகள். "வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிற எனக்கு இதைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போக உரிமை இருக்கா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. 35–39 வயதுப்பிரிவில் உன்னோடு வந்த அத்தனை பேரையும் முந்தி எடுத்த பட்டம் அது. ஓடி முடித்த எல்லாருக்கும் கொடுக்கிற ரீ-சேர்ட் இல்லை. ஆனால் எந்தப் போட்டியில், எந்த நாள் வரை என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இன்னொன்று, படத்தில் இருக்கிற அந்த உடுப்போடு ட்ரயத்லன் செய்ய முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழக்கம் சைக்கிளில் இருந்து வந்தது. 1919இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் முன்னணியில் இருந்த எஜேன் கிறிஸ்தோஃபுக்கு முதல் மஞ்சள் ஜேர்சியைக் கொடுத்தார்கள். போட்டியை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. தெருவோரம் நிற்கிற சனம் கூட்டத்துக்குள் முதலாம் ஆளை அடையாளம் காண வேண்டும் என்பதுதான் அதன் வேலை. உலகச் சம்பியனுக்கு வெள்ளையில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டைகள். அதைப் பற்றி உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதி கறார். வென்ற துறையும் போட்டி வகையும் பிரிவும் பொருந்துகிற இடத்தில் கட்டாயம் போட வேண்டும், மற்ற எங்கும் போடக் கூடாது. தனியாக நேரத்துக்கு எதிராக ஓட்டும் போட்டியில் வென்றவர், எல்லாரும் சேர்ந்து ஓட்டும் வீதிப் போட்டிக்கு அதைப் போட்டு வர முடியாது. அடுத்த சம்பியன்ஷிப் வந்தால் அந்த ஜேர்சி அடுத்தவருக்கு. பழைய சம்பியனுக்குக் கழுத்துப்பட்டியிலும் கையின் விளிம்பிலும் அந்த நிறங்களில் மெல்லிய வரி மட்டும் மிஞ்சும்.

ட்ரயத்லனில் அப்படி ஒரு மரபு வேர் பிடிக்கவில்லை. சான் டியேகோவில் 1974இல் தொடங்கி, 2000இல் சிட்னியில்தான் ஒலிம்பிக்குக்குள் வந்த இளைய விளையாட்டு இது. ஆனால் வயது மட்டும் காரணம் இல்லை. அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் ஒருவர் சில்லுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள். நீண்டதூர ட்ரயத்லனான அயன்மேனின் விதியில் 12 மீற்றர் இடைவெளி வேண்டும், அதற்குள் நுழைந்தால் 25 செக்கனுக்குள் முந்தி முடிக்க வேண்டும். அதனால் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டிய கூட்டமே அங்கே இல்லை. பல இடங்களில் ஆட்களைச் சிலர் சிலராகத் தண்ணீருக்குள் விடுவதால், உன் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறவள் நேரக்கணக்கில் உனக்குப் பின்னால் இருக்கலாம். அவளுடைய பிரிவு எது என்று அறியக் கெண்டைக்காலில் எழுதியிருக்கும் வயதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உன் ஜேர்சி "இன்றைக்கு முன்னால் நிற்பவள் இவள்" என்று சொல்லாது. "போன முறை வென்றவள் இவள்" என்று மட்டும் சொல்லும். அது நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும் என்றால் ஆண்டு, தூரம், வயதுப்பிரிவு மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "சம்பியன்" என்று போட்டால், முழுப் போட்டியையும் வென்ற பிள்ளையின் இடத்தில் நீ போய் நிற்பது போல ஆகிவிடும். அச்சடிப்பவர் அழகுக்கென்று அந்த ஐந்து நிறப் பட்டையைப் போடலாம் என்பார். வேண்டாம். அது சைக்கிள் சம்மேளனத்தின் அடையாளம்.

உன் பட்டம் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு. அந்தத் தூரப் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும் போடு. இரண்டு மடங்கான ஒலிம்பிக் தூரத்துக்கு வேண்டாம், அதற்கு வேறொருத்தி வென்றிருக்கிறாள். நீச்சல் இல்லாத டுவத்லனிலும் ரிலேயிலும் வேண்டாம். உலக வயதுப்பிரிவுப் போட்டிக்குத் தெரிவானால் நாட்டின் உடுப்புத்தான், அங்கே இந்தக் கேள்வியே இல்லை. பயிற்சிக்கும் போடாதே. இதில் எனக்கு இளக்கம் கிடையாது. ஒவ்வொரு விடியலிலும் வெயிலில் வெளுத்த ஜேர்சிக்குப் போட்டி நாளில் மதிப்பு இருக்காது. பரிசு மேடையில் போடு. நிலாவெளியில் பிள்ளைகளுக்கு நீச்சல் காட்டப் போகிற நாளில் கட்டாயம் போடு, அதுகள் தொட்டுப் பார்க்கட்டும்.

நாள் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ட்ரயத்லனில் வயதுப்பிரிவைப் பிறந்தநாளை வைத்து மாற்றுவதில்லை. அந்த ஆண்டு மார்கழி 31ஆம் திகதி என்ன வயதோ, அதுதான் ஆண்டு முழுவதுக்கும். வருகிற மாசியில் உனக்கு 40. ஆகவே தை முதலாம் திகதியில் இருந்தே நீ 40–44இல் நிற்பாய். அடுத்த சம்பியன்ஷிப் பங்குனியில் என்றாய். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மாதமும் பட்டம் உன்னுடையதுதான், ஓடுவது மட்டும் வேறு ஆட்களோடு. அடுத்த சம்பியன்ஷிப் வரை போடலாம் என்று வாதாடுகிறவர்கள் இருப்பார்கள். நான் போடாதே என்பேன். 40–44இல் ஏற்கெனவே ஒரு சம்பியன் இருக்கிறாள், அவளிடமும் ஒரு ஜேர்சி இருக்கும். ஒரே பிரிவில் இரண்டு பேர் வென்றவளின் உடுப்போடு நின்றால் அவளுக்குச் செய்கிற அநியாயம். மார்கழி முடியக் கழற்றி மடித்து வை.

இனி உடுப்புக்கு வருகிறேன். உனக்குத் தந்தது சைக்கிள் ஜேர்சி. வயதுப்பிரிவினருக்கு 1500 மீற்றர் வரையான நீச்சலில் தண்ணீர் 22 பாகை செல்சியஸைத் தொட்டால், உடம்பைச் சூடாக வைக்கும் றப்பர் நீச்சல் உடுப்பான வெட்சூட்டைப் போட விடமாட்டார்கள். நம்ம உப்புவெளிக் கடல் எந்த மாதமும் அதைவிடச் சூடு. ஆகவே நீ ஆவணியில் இங்கே போட்டிக்கு வந்து ஓடும்போது ஒன்று ஜேர்சியோடு நீந்த வேண்டும், இல்லாவிட்டால் கரையேறிய பிறகு மாட்ட வேண்டும். நீந்தினால் முதுகுப் பைகள் மூன்றும் தண்ணீரை அள்ளிக்கொண்டு பின்னால் இழுக்கும், தளர்ந்த கைகள் ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீரைச் சுமக்கும். பிறகு மாட்டலாம் என்றால், ஈர உடம்பில் துணி கமக்கட்டுக்குக் கீழே கயிறு மாதிரிச் சுருண்டுவிடும். இழுத்து இறக்க இறக்க நேரம் போகும். சைக்கிள் காற்சட்டையின் தடித்த மெத்தையோ தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டத்தில் தொடையை உரசித் தோலை எடுக்கும்.

அதனால் அதே வடிவத்தை ஒற்றை உடுப்பான ட்ரை சூட்டில் அடிப்பித்து எடு. அச்சடிப்பவரிடம் இவற்றைச் சொல். கை முழங்கைக்கு மேலே முடிய வேண்டும். இருக்கை மெத்தை மெல்லியதாக, தண்ணீர் குடிக்காத வகையாக இருக்க வேண்டும். முதுகில் வாய் இறுகிய சின்னப் பை இரண்டு போதும். எழுத்துகளை நெஞ்சில் பட்டைக்கு மேலும், முதுகில் பைகளுக்கு மேலும் வைக்கச் சொல். இடுப்பில் போட்டால் இலக்கப் பட்டி மறைத்துவிடும், பைக்கு மேல் போட்டால், வழியில் சாப்பிடுகிற ஜெல் பைக்கற்றை வைத்ததும் எழுத்து கோணும். நடு எழுத்து ஸிப்பில் விழாமல் பார்த்துக்கொள், பாதி திறந்தால் சொல் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெள்ளை. நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி உள்ளே இருப்பதைக் காட்டும். இடுப்புக்கு மேலே மட்டும் வெள்ளை இருக்கட்டும், நெஞ்சுப் பகுதிக்கு இரட்டைத் துணி கேள். இடுப்புக்குக் கீழே கறுப்பு. அதுவும் வெள்ளைத் துணியில் கறுப்பு அச்சடித்ததாக இருக்கக் கூடாது, கறுப்பாகவே சாயம் தோய்த்த துணியாக இருக்க வேண்டும். அச்சடித்த கறுப்பு தொடையில் இழுபடும்போது நூலுக்கு இடையில் வெள்ளை பல்லைக் காட்டும். கையில் துணி மாதிரி வந்ததும் இரண்டு பக்கமும் இழுத்து, நனைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்.

அளவு பார்க்கும்போது நிமிர்ந்து நின்று முடிவெடுக்காதே. நிமிர்ந்தால் தோளில் சற்று இழுக்க வேண்டும். சைக்கிளில் குனிந்தால் வயிற்றிலும் தோளிலும் சுருக்கம் விழக் கூடாது. சுருக்கம் இருந்தால் காற்று பிடிக்கும், ஆவணியில் அது சின்ன விசயம் இல்லை. உப்புவெளியில் இருந்து இறக்கக்கண்டிப் பக்கம் போகும்போது கச்சான் காற்று இடது கைப்பக்கமாக வந்து அறையும், தளர்ந்த துணி படபடத்துக்கொண்டே இருக்கும். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னாவது அதைப் போட்டு 400 மீற்றர் நீந்தி, இருபது நிமிடம் மிதித்து, பத்து நிமிடம் ஓடிப் பார். கழுத்து, கமக்கட்டு, உள்தொடை, எங்கே சிவக்கிறதோ அங்கேதான் போட்டி நாளில் வஸ்லின். பூசிய கையைத் துடைக்காமல் நீச்சல் கண்ணாடியைத் தொட்டால் முழு நீச்சலும் மங்கலாகத்தான் தெரியும். உடம்பில் ஒட்டும் இலக்கத்தை முதலில் ஒட்டி, காய்ந்த பிறகு சுற்றிவர வெயில் கிறீம் பூசு. முறை மாறினால் இலக்கம் கழன்று வரும்.

ஜேர்சி போட்டவர்கள் செய்கிற பெரிய பிழை சைக்கிளின் முதல் ஐந்து கிலோமீற்றரில் நடக்கும். யாரும் முந்தினால் மானம் போகிறது என்று மிதித்து, அந்த வெயிலில் ஓட்டத்துக்குக் கால் இல்லாமல் நிற்பார்கள். முந்துகிறவளை விடு, விதி கேட்கிற இடைவெளிக்குப் பின்வாங்கு, உன் கணக்குப்படி மிதி. முடிவுக் கோட்டுக்கு முன் ஸிப்பை மூடு. படத்தில் அந்த ஆண்டும் பிரிவும் முழுதாகத் தெரியட்டும்.

ஓடி முடித்த உடனே நல்ல தண்ணீரில் அலசு. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர், குழாய்த் தண்ணீரில்தான் அலச வேண்டும். உட்புறம் வெளியே வரத் திருப்பி, மென்மையான சவர்க்காரம், குளிர்ந்த தண்ணீர், நிழலில் காயப் போடு. துணி மென்மையாக்கி போடாதே, வியர்வையை உறிஞ்சும் தன்மை போய்விடும். குளோரின் குளத்துக்கு அதைக் கொண்டு போகவே வேண்டாம், இழுவை செத்துவிடும்.

தந்த சைக்கிள் ஜேர்சியை வெட்டிக் கிட்டித் தைக்காமல் அப்படியே வை. தை மாதத்துக்குப் பிறகு உன் வழமையான ட்ரை சூட்டின் கை விளிம்பில் அதே பட்டை நிறத்தில் ஒரு மெல்லிய வரி போட்டுக்கொள்ளலாம், அது என்றைக்கும் உன்னுடையது.

நெஞ்சு, இடுப்பு, தொடைச் சுற்று, தோளில் இருந்து கவட்டு வரை நீளம், இந்த நான்கையும் காலையில் சாப்பிட முன் அளந்து இந்தக் கிழமையே அச்சடிப்பவருக்கு அனுப்பு. மாதிரி வந்து திருத்திக் கைக்கு வரக் கிழமைக்கணக்கில் ஆகும், ஆவணி தூரத்தில் இல்லை. மாதிரியின் படத்தை முன்னும் பின்னும் எடுத்து எனக்கும் அனுப்பு, எழுத்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா