வாசலில் பலகை வைத்தாயிற்று, அப்புறம்? டெக்சஸ் கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், சங்கப் பொறுப்பாளர்களுக்கும், விழா நாட்களில் வாசலில் நிற்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

கோயிலுக்குள்ளும் பொங்கல் விழா அரங்குக்குள்ளும் துப்பாக்கி வரக்கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டெக்சஸ் மாநில லைசென்ஸ் வாங்கி, கைத்துப்பாக்கியை மறைவாக வைத்துக்கொண்டு நடமாடுகிற ஆள். என்னைப் போன்றவன் மடல் எழுதினாலே உரிமைச் சண்டைக்கு வருகிறான் என்றுதான் தோன்றும். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, வழிபாட்டு இடங்களும் இந்த விஷயத்தில் மற்ற தனியார் இடங்களைப் போலத்தான் என்று தெளிவாக்கிவிட்டார்கள். அனுமதிப்பதும் தடுப்பதும் உங்கள் விருப்பம். நீங்கள் தடுத்து, 'துப்பாக்கிக்கு அனுமதி இல்லை' என்று பலகையும் வைத்திருக்கிறீர்கள். நல்லது.

என் குறை வேறு. பலகையைப் பார்த்தவனின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி அதன்பிறகு எங்கே போகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது மாயமாகிவிடாது. நேராகக் காருக்குத்தான் போகும். உள்ளே நீங்கள் குறைத்த ஆபத்தில் ஒரு பங்கு, உங்கள் பார்க்கிங்கிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

நான் போகிற ஒரு கோயிலில் பலகை எங்கே இருக்கிறது தெரியுமா? கதவைத் தாண்டி உள்ளே, செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே, அன்னதான அறிவிப்புக்கும் பாலவிஹார் நேர அட்டவணைக்கும் நடுவில். அதை ஒருவன் படிக்கும்போது செருப்பைக் கழற்றியிருப்பான், பிள்ளைகள் உள்ளே ஓடியிருப்பார்கள், மாமியார் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருப்பார். இப்போது அவன் திரும்ப காருக்குப் போக வேண்டும். போகிறவன் நிதானமாகப் போவானா? தீபாராதனைக்கு மணி அடித்துவிடுமே என்கிற அவசரத்தில்தான் போவான்.

காருக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, குனிந்து, பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை விட்டுத் துப்பாக்கியை உருவுகிறான். முனை அவன் தொடையைப் பார்க்கிறது, அடுத்த நொடி கதவைப் பார்க்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோண்டா ஒடிஸி வேனிலிருந்து பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கி அதன் உறையான ஹோல்ஸ்டருக்குள் இருக்கும்வரை விசை மூடியிருக்கும். வெளியே எடுக்கும்போதும் திரும்பச் செருகும்போதும்தான் சட்டை நுனியோ விரலோ விசையில் மாட்டும். கைதவறி வெடிக்கும் விபத்துகள் பலவும் இப்படிப்பட்ட சாதாரணக் கையாளலில்தான் நடக்கின்றன. சரி, எடுத்தாயிற்று. எங்கே வைப்பான்? கிளவ் பாக்ஸில், இல்லையென்றால் இருக்கைக்கு அடியில். நம்மவர்களில் பாதிப் பேரிடம் எஸ்யூவியும் மினிவேனும்தான். தனியாகப் பூட்டுகிற டிக்கியும் கிடையாது.

இதற்கு வேட்டி வேறு. இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஹோல்ஸ்டர் நிற்காது. அப்படியே குர்தாவுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாலும், சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடும்போது குர்தா மேலே ஏறி, பின்வரிசையில் நிற்கிற பாட்டிக்குத் தரிசனம் வேறு மாதிரி ஆகிவிடும். நம் கோயில் என்பது குனிந்து, விழுந்து, சில சன்னிதிகளில் சட்டையையும் கழற்றிக் கும்பிடும் இடம். மறைத்து வைப்பதற்கு இதைவிடப் பொருந்தாத இடம் வேறு இல்லை. உங்கள் தடையை நான் ஆதரிக்க இதுவும் ஒரு காரணம்.

இவர்கள் ஏன் துப்பாக்கியோடு வருகிறார்கள் என்று கேட்பீர்கள். விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூடு நினைவிருக்கும். நம் டாலஸ் பக்கத்திலேயே காலிவில் ஊர் யூதக் கோயிலில் 2022 ஜனவரியில் ஒருவன் பணயக்கைதிகளைப் பிடித்து வைத்தான். 2023 மே 6-ஆம் தேதி ஆலன் அவுட்லெட் மாலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு. அதற்குப் பிறகு என் நண்பர் வட்டத்தில் முதல் துப்பாக்கி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பயந்து வாங்கியவர்கள். வாங்குவதற்குக் காட்டிய அக்கறையை வைக்கும் இடத்துக்குக் காட்டியவர்கள் குறைவு.

அமெரிக்கா முழுக்க 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடுபோன துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப்பின் கணக்குச் சொல்கிறது. அதில் கணிசமானவை காரிலிருந்து போனவை. கண்ணாடியை உடைத்து, கிளவ் பாக்ஸைத் திறந்து, இருக்கைக்கு அடியில் துழாவ ஒரு நிமிடம்கூட ஆகாது. சான்பிரான்சிஸ்கோவில் 2015-இல் நடந்தது இதுதான். ஒரு மத்திய அரசு அதிகாரி காரில் பையோடு விட்டுப்போன துப்பாக்கி திருடுபோனது. சில நாள் கழித்து அதே துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட ஒரு குண்டு தரையில் பட்டுத் தெறித்து, கடற்கரையோரம் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த பெண்ணைக் கொன்றது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா, காரில் விட்டுப்போகும் கைத்துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று போலீஸ்காரர்களையும் சேர்த்துச் சட்டம் போட்டது. கொலராடோவில் 2025 முதல் அப்படி ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டெக்சஸில் காருக்குள் பார்வைக்குத் தெரியாமல் இருந்தால் போதும், பூட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இப்போது நவராத்திரி கொலு இரவையோ தீபாவளி விழாவையோ யோசித்துப் பாருங்கள். முந்நூறு கார்கள். எல்லாரும் மூன்று மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார்கள் என்பது திருடனுக்கும் தெரியும். போதாக்குறைக்குச் சிலர் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது திருடனுக்கு எழுதிய வெற்றிலை பாக்கு அழைப்பிதழ்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் அதுவே செல்லாது. சிவப்பு வட்டத்துக்குள் துப்பாக்கிப் படம் வரைந்து குறுக்கே கோடு போட்ட ஸ்டிக்கர், என்னைப் போன்ற லைசென்ஸ்காரனைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவில் உள்ள வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குல உயர எழுத்தில், எடுப்பான நிறத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அது மறைவாக வைத்திருப்பவருக்கு. வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு 30.07, அதுவும் ஒவ்வொரு வாசலிலும். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதான பெரும்பாலோர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபிறகு, அவர்களுக்கு 30.05 பிரிவின்படி மூன்றாவது அறிவிப்பு. நான் பார்த்த இடங்களில் முதல் இரண்டும் இருக்கும், மூன்றாவது இருக்காது. அதாவது பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, கைரேகை கொடுத்தவனுக்குத் தெளிவான தடை. எதுவுமே செய்யாதவனுக்கு முறையான அறிவிப்புகூட இல்லை!

30.06 அறிவிப்பை ஓர் அட்டையிலோ தாளிலோ கொடுத்தாலும் செல்லும் என்று அதே சட்டம் சொல்கிறது. விழா டிக்கெட்டில் பிரியாணி கூப்பனுக்கு இடம் இருக்கிறது, ஸ்பான்சர் செய்த ரியல் எஸ்டேட் ஏஜென்ட் படத்துக்கு இடம் இருக்கிறது. இந்த வாசகத்துக்கும் இடம் பண்ணலாம். அழைப்பு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் செய்தியிலும், உடை பற்றியும் கார் நிறுத்துவது பற்றியும் எழுதும் இடத்திலேயே, 'துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது, அவசரம் இல்லை, பக்கத்தில் அடுத்தவர் குழந்தை இல்லை. துப்பாக்கியைக் கழற்றி வைக்க அதுதான் இடம்.

மறதியைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. அட்லாண்டாவுக்கு அடுத்தபடியாக அதிகம் பிடிபட்டது நம் டாலஸ் விமான நிலையமான டிஎஃப்டபிள்யூவில். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், பையில் இருந்ததையே மறந்துவிட்டேன் என்பதுதான். விமான நிலையத்துக்கே மறந்து கொண்டுபோகிறவர்கள், பிரதோஷத்துக்கு நினைவு வைத்துக்கொள்வார்களா?

சங்கத்தாருக்குத் தனியாக ஒன்று. நீங்கள் விழா நடத்துவது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கில். அங்கே பலகை இருக்கிறதா இல்லையா என்கிற கேள்வியே கிடையாது. பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோவது 46.03 பிரிவின்படி நேரடியாக மூன்றாம் நிலைப் பெருங்குற்றம், இரண்டு முதல் பத்து ஆண்டு சிறை. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, தமிழ் விழாதானே என்பதெல்லாம் அங்கே எடுபடாது. லைசென்ஸ் இருந்தாலும் இதேதான். அப்புறம் மத்திய அரசின் பள்ளி வளாகச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள், மாநில லைசென்ஸ் இல்லாதவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் காரில் வைத்திருந்தாலே குற்றம். தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் தேவையில்லை என்று மாநிலம் சொல்லிவிட்டதே என்று நம்பி, பள்ளிப் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரியது. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர் காரில் துப்பாக்கியை விட்டுவிட்டு, 'நீ போய் பால் வாங்கிட்டு வா' என்று ஹெச்1பி நண்பனிடம் சாவியைக் கொடுத்து, உள்ளே துப்பாக்கி இருப்பது அந்த நண்பனுக்கும் தெரிந்திருந்தால், சிக்கல் அவன் தலையில். கிரீன் கார்டுக்காரரும் நிம்மதியாக இருக்க முடியாது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடுகடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இந்த விஷயத்துக்காக ஒரு வழக்கறிஞரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தால், வரி சேமிப்புக் கருத்தரங்கைவிடப் பயன்படும்.

நீதிமன்றங்களில் சில இடங்களில் இருப்பதுபோல வாசலில் லாக்கர் வைக்கலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. நீதிமன்றத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலர் இருக்கிறார். நம்மிடம் இருப்பது கணக்கு எழுதத் தெரிந்த மாமாவும், பிரசாதம் கட்டத் தெரிந்த மாமியும்தான். கூட்டம் நெரியும் வாசலில் ஆளுக்கு ஆள் துப்பாக்கியை உருவி லாக்கரில் வைப்பதைவிட, அது வராமலே இருப்பது மேல்.

பார்க்கிங் நுழைவாயிலிலும் பலகை வையுங்கள். அங்கே பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவாவது வழி இருக்கும். பார்க்கிங்கில் விளக்கும் கேமராவும் வையுங்கள். விழா இரவுகளில் உள்ளே மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் காவலர்களில் ஒருவரை வெளியே கார்களுக்கு நடுவில் நடக்கச் சொல்லுங்கள். வழிபாட்டு இடங்களின் பாதுகாப்புக்கு மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வழியாக மானியம் இருக்கிறது, கோயில்களும் கேட்கலாம். தன்னார்வலர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: யாரிடமாவது துப்பாக்கி தெரிந்தால் 'கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்' என்று கையை நீட்டக்கூடாது. தனியாகக் கூப்பிட்டு, தயவுசெய்து வெளியே போய்விடுங்கள் என்று வாயால் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டு. பலகையை மீறியதற்கு 200 டாலர் வரை அபராதம்தான். நேரில் சொல்லியும் போகாவிட்டால் ஓராண்டு வரை சிறை.

என்னைப் போல வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். வேலையிலிருந்து நேராகக் கோயிலுக்கு வரவேண்டிய நாள் எல்லாருக்கும் வரும். அன்று காலையிலேயே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். முடியவே முடியாது என்றால், இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடம் போட்டுப் பூட்டிய லாக்பாக்ஸ் காரில் இருக்கட்டும். அதன் விலை ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவைத் தாண்டாது. துப்பாக்கியை உருவாதீர்கள், ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். அதையும் கோயில் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். அலுவலகத்திலிருந்து கிளம்புமுன், யாரும் பார்க்காத இடத்தில் முடித்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை உள்ளே எடுத்துச் செல்லுங்கள். காரே நிரந்தரப் பெட்டி ஆகிவிடக்கூடாது. வரிசை எண்ணை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? திருடுபோனால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

நிர்வாகக் குழுவினரே, அடுத்த கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று பலகைகளின் சரியான வாசகமும் அளவும் அச்சுக்கு அனுப்பும் வடிவில் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் தருகிறேன், அச்சுச் செலவில் பாதியும் என்னுடையது. நவராத்திரி அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டாலஸின் வடக்குப் புறநகரிலிருந்து, உங்கள் ஆயுள் உறுப்பினர்களில் ஒருவன்