மாதவிடாய் நின்றுபோவதும் காயம்தான்: விளையாட்டு விடுதியை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதிப் பொறுப்பாளர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

போன செப்டம்பரில் ‘உடல்தகுதி இல்லை’ என்று எழுதி உங்கள் விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினீர்களே, அந்த 3000 மீட்டர் ஓட்டக்காரப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. கோப்பு உங்களிடம் இருக்கிறது, யாரென்று உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அவளை ஓட வைத்த உடற்கல்வி ஆசிரியை நான். விடுதிக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்ற அவள் அம்மாவிடம் மூன்று முறை போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். இதற்கு முன் இரண்டு மனு அனுப்பினேன். பதில் இல்லாததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராத பிள்ளையை, காலில் அடிபட்ட பிள்ளையை எப்படி நடத்துவீர்களோ அப்படி நடத்துங்கள். ஓட்டத்தைக் குறையுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள், குணமானதும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் பார்க்கப் போனேன். இடது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா விடுதியிலிருந்து வந்த தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துத் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தார். அடியில் நாப்கின் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. மாதாமாதம் நீங்கள் கொடுத்தவை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. “என்ன டீச்சர் இது, இத்தன பாக்கெட்டும் அப்படியே இருக்கு?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

அந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மாதவிடாய் வரவில்லை என்று ஒரு பெண் பிள்ளை வாயைத் திறந்து சொன்னால் நம் ஊரில் முதலில் என்ன சந்தேகம் எழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பயந்துதான் அவள் அம்மாவிடமே சொல்லவில்லை. கூட ஓடுகிற அக்காக்களிடம் சொல்லியிருக்கிறாள். “உனக்கென்னடி, தொந்தரவு விட்டுது” என்றிருக்கிறார்கள். ஒரு மூத்த பிள்ளை பயிற்சியாளரிடமே போய்ச் சொல்லியிருக்கிறது. “ட்ரெயினிங் நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம், பயப்படாத” என்று அவர் சொன்னாராம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அவருடைய பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது அதுவாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு பிள்ளை மாதக்கணக்கில் எலும்பைத் தேய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அவளுடைய கணக்கை உங்கள் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். சேரும்போது எடை 44 கிலோ. திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, ஏறியிருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்பது அங்கே வழக்கம். அதனால் ஞாயிறு ராத்திரி சாப்பிடாமல் படுக்கப் பழகிக்கொண்டாள். ஜனவரியில் 40 கிலோ. 3000 மீட்டர் டைமிங் 11 நிமிடம் 20 விநாடியிலிருந்து 10 நிமிடம் 48 விநாடிக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் தட்டினேன். எடை குறையும்போது முதல் சில மாதம் வேகம் கூடுகிற மாதிரிதான் தெரியும். அப்புறம் டைமிங் நின்றுவிடும். ராத்திரித் தூக்கம் போகும், சளி விட்டு விட்டு வரும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். ஜூனில் அவளுக்கு அந்த வலி வந்தது. ஐஸ் வைத்துக்கொண்டு ஓடச் சொன்னீர்கள். செப்டம்பரில் ஒரு இன்டர்வல் பயிற்சியின் நடுவே உட்கார்ந்தவள் எழவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் கீறல் இருப்பது தெரிந்தது. அங்கே பார்த்த பெண் டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி: “கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்துச்சு?”

பதினோரு மாதம் உங்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி இது.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் சக்திக் குறைபாடு) என்று பெயர் வைத்து, பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் கவனிக்க வேண்டியவற்றை வெளியிட்டது. 2023-இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. விஷயம் எளிமையானது. ஓட்டத்துக்குச் செலவாகிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால், உயிர் பிழைக்க உடனே தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் உத்தரவு குறையும், மாதவிடாய் நிற்கும். கூடவே ஈஸ்ட்ரோஜன் இறங்கும். எலும்பைக் காப்பாற்றுவது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். ஆயுளுக்கும் தேவையான எலும்பின் பெரும்பகுதி சேருவதோ இந்தப் பதின்வயதில். 14 வயதில் விடுதியில் சேர்த்து 18 வயதில் வெளியே அனுப்புகிறீர்கள். சேமிக்க வேண்டிய நான்கு வருஷத்தில் ஒரு வருஷம் இவளுக்குப் போய்விட்டது.

அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில் உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டி வரை ஓடியவர். எடையைக் குறை, இன்னும் குறை என்று வற்புறுத்தியதில் மூன்று வருஷம் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் செய்தி உங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்திருக்கும். அதை ஏதோ அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட்டோம். அதே கதை நம் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் தெரியாது. ஆனாலும் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் முதல் வேலையாக உளுந்தை வறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டுவார்கள். இடுப்பு எலும்பு பலப்படணும் என்று சொல்லி, வேண்டாம் என்று அழுதாலும் ஊட்டிவிடுவார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கூடுதலாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காலையில் 10 கிலோமீட்டர், சாயங்காலம் மறுபடியும் ட்ராக் என்று ஓடுகிற பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? நீங்கள் அவளை எடைமேடையில் ஏற்றினீர்கள்.

மாதவிடாய் வருகிற பிள்ளைகளின் நிலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருமுட்டை வெளியான பிறகு உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், மூச்சும் கொஞ்சம் வேகமாகும். சித்திரை வெயிலில் லாங் ரன் ஓடும்போது இதே பிள்ளை போன வாரம் நன்றாகத்தானே ஓடினாள், இன்றைக்கு என்ன சோம்பேறித்தனம் என்று திட்டுகிறீர்கள். அவள் சோம்பேறி இல்லை. ரத்தப்போக்கு அதிகமுள்ள பிள்ளைக்கு இரும்புச்சத்து போகும். ஓடுவதாலும் போகும், ஏனென்றால் ஒவ்வொரு முறை பாதம் தரையில் அடிபடும்போதும் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைகின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நம் பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். என்னிடம் ஓடிய ஒரு பிள்ளை ஒரே பருவத்தில் 3000 மீட்டரில் 40 விநாடி பின்தங்கினாள். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 9-க்குக் கொஞ்சம் மேல். மூன்று மாதம் மாத்திரை, சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, அவ்வளவுதான். பழைய டைமிங்குக்குத் திரும்பினாள்.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்போ மூணு நாள் லீவு கொடுக்கணுமா?’ என்று கேட்பீர்கள் என்று தெரியும். கேட்கவில்லை. பவுலா ராட்க்ளிஃப் 2002-இல் சிகாகோ மாரத்தானில் உலக சாதனை படைத்தது மாதவிடாய் வலியோடுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்தபோது, அன்று தனக்கு மூன்றாம் நாள் என்று மறைக்காமல் சொன்னார். 78 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2020-ஆம் வருஷத் தொகுப்பு ஒன்று, முதல் சில நாட்களில் திறன் மிகச் சிறிதளவு குறையலாம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், எனவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்றது. ஒருத்திக்கு முதல் நாள் எழவே முடியாது. இன்னொருத்தி அன்றைக்குத்தான் பறப்பாள். யார் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் செல்சி பெண்கள் கால்பந்து அணி 2020-இலேயே ஒவ்வொரு வீராங்கனையின் சுழற்சியையும் பார்த்துப் பயிற்சியை அமைக்கத் தொடங்கிவிட்டது. நம்மிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அந்த நோட்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் தொங்கவிடக் கூடாது. அதைக் காரணம் காட்டி யாரையும் அணியிலிருந்து நீக்கவும் கூடாது.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? காலை 5 மணிக்கு மைதானத்தில் ஒரு பெண் கூட இல்லை. கழிப்பறைக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். திறந்தால் தண்ணீர் வராது. போட்டிக்கு வெளிர் நிறத்தில் ஷார்ட்ஸ். கறை பட்டுவிடுமோ என்று பின்னால் பார்த்துப் பார்த்து ஓடுகிற பிள்ளையிடம் ‘திரும்பாதே, நேரா பாரு’ என்று கத்துகிறோம். இரண்டாம் நாள் மடித்த துணியோடு 3000 மீட்டர் ஓடித் தொடையெல்லாம் புண்ணானது எனக்கு இன்னும் மறக்கவில்லை. முப்பது வருஷமாகிறது. பெண்களின் உடம்பை இந்த விளையாட்டு உலகம் பார்க்காமலும் இல்லை. தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2006-இல் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய நம் புதுக்கோட்டை சாந்தியைப் பெண்தானா என்று சோதித்துப் பதக்கத்தைப் பிடுங்கும் அளவுக்கு உற்றுப் பார்த்தது. சந்தேகப்படுவதற்குப் பரிசோதனை உண்டு. ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் வருகிறதா என்று அக்கறையோடு கேட்க ஆள் இல்லை.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்களில் பலர் பிள்ளைகளுக்காகச் சொந்தக் காசைப் போட்டு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் டாக்டரிடம் அனுப்புங்கள். பிள்ளைகள் அதைப் போய்ச் சொல்ல ஒரு பெண் பொறுப்பாளரை வையுங்கள். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை ரத்தம் பாருங்கள், ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்து. பணத்துக்கு வழியில்லை என்றால் மற்றதை விடுங்கள். முதலாவதற்கு ஒரு பைசா ஆகாது. மாதவிடாய் வருகிறதா என்று கேட்டால் போதும்.

அந்தப் பிள்ளை இப்போது 45 கிலோ. டாக்டர் ஜனவரியில் மெதுவாக ஓட அனுமதி கொடுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கண்மாய்க் கரையில் இருபது நிமிடம். போன மாதம் 12-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு அவள் அம்மா போன் செய்தார். “டீச்சர், வந்திருச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு அழுதார். மறுநாள் காலை எனக்கும் ஒரு கிண்ணத்தில் உளுந்தங்களி வந்தது.

மே மாதம் உங்கள் தேர்வு நடக்கிறது. ‘உடல்தகுதி இல்லை’ என்ற அந்தத் தாள் கோப்பில் இருக்கும் வரை அவளால் விண்ணப்பிக்க முடியாது என்கிறார்கள். டாக்டரின் சான்றிதழை இந்த மடலோடு தனியே அனுப்பியிருக்கிறேன். அந்தத் தாளை எடுத்துவிட்டு அவளுக்கு ஒரு ட்ரயல் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தேதி சொல்லுங்கள். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய உடற்கல்வி ஆசிரியை