மியான்மர் இளைஞர்கள் ஏன் எல்லை தாண்டுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மிசோரமுக்குள் வரும் மியான்மர் இளைஞர்களை 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று மட்டும் எழுதுவது அநியாயம். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பறித்த ராணுவம், 2010-லேயே இயற்றிக் கிடப்பில் போட்டிருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10 அன்று உயிர்ப்பித்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. மருத்துவர், பொறியாளர் போன்றோர் என்றால் ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 35 வரை நீளும். பொதுவாகச் சேவை 2 ஆண்டு. நெருக்கடி நிலையில் 5 ஆண்டு. மறுத்தால் 3 முதல் 5 ஆண்டு சிறை.

ஒளிந்துகொள்வதும் எளிதல்ல. ஒவ்வொரு வீட்டின் ஆள்பட்டியலும் வார்டு நிர்வாகியிடம் இருக்கிறது. இரவில் விருந்தாளி தங்கினாலும் அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை ராணுவம் 2021-லேயே மீண்டும் கொண்டுவந்துவிட்டது. உறவினர் வீட்டில் பிள்ளையை மறைத்தால் அந்த வீட்டாருக்கும் தண்டனை. லஞ்சம் கொடுக்க முடிந்தவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிக்கொள்கிறார். ஏழை வீட்டுப் பையன்தான் போர்முனைக்குப் போகிறான்.

முறைப்படி வெளிநாட்டு வேலைக்குப் போகலாமே என்பவர்களுக்கு: 2024 மே மாதம் ஆண்களுக்கான அந்த அனுமதியையே ராணுவம் நிறுத்திவிட்டது. மிஞ்சியது காட்டுவழி மட்டும்தான். அகதிகளை ஆபத்துக்குள் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே வந்தவர்களைக் காப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. திருப்பி அனுப்பப்படும் இளைஞன் நேராகப் படைமுகாமுக்கே போகக்கூடும் என்பதையும் உங்கள் செய்தியாளர்கள் எழுத வேண்டும்.

- வாசகர், மதுரை